எந்த வாரேன்

பொன்னுத்துரைக்கு ஒரு குறை உண்டு. மூன்று வருசமாக உள்ளுக்குள் போட்டு வைத்திருக்கிற குறை. இதெல்லாம் ஒரு குறையா என்று சிரிப்பார்கள் என்பதால் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

பஸ்ஸில் விசில் என்பது கண்டக்டர் சொத்து. ஒன்று அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். டிரைவர் முன்னால் பார்க்கிற ஆள். ஏறுகிறவள் ஏறிவிட்டாளா, இறங்குகிறவனுக்குக் கால் தரையில் பாவிவிட்டதா என்று பார்க்கிறது பின்படியில் நிற்கிறவன் வேலை. இருபத்தாறு வருசமாக அவர் அதைத்தான் பார்க்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்ற மனுசன். அவர் சொல் கேட்டு நகருகிற பொருள் உலகத்தில் அந்த ஒரு பஸ்தான்.

திண்டுக்கல்லில் இருந்து சாணார்பட்டி போய்த் திரும்புகிற தனியார் டவுன் பஸ் அது. டிரைவர் பெயர் அசோக்குமார். ஏழு வருசமாக இரண்டு பேரும் ஒரே வண்டி. எல்லா ஸ்டாப்பிலும் அவன் விசிலுக்குக் காத்திருப்பான். பால் சொசைட்டி ஸ்டாப்பில் மட்டும் காத்திருக்க மாட்டான். கடைசி ஆள் படியில் கால் வைக்கும்போதே அங்கே கியர் விழுந்துவிடும். ஒருநாள் மல்லிக்கட்டு வைத்திருந்த ஒரு பொம்பளை பாதி உள்ளே, பாதி வெளியே இருக்க வண்டி நகர்ந்துவிட்டது. பொன்னுத்துரைதான் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

"ஏலே, விசில நான் எதுக்கு வாயில வச்சிருக்கேன்? திருவிழாவுல ஊதவா?"

"கேக்கலண்ணே."

"மத்த ஸ்டாப்புல கேக்குதுல்ல. இங்க மட்டும் காதுல பஞ்சு வச்சுக்கிருவியோ?"

அசோக்குமார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

அந்த ஸ்டாப்பில் டெய்லர் கடை வைத்திருக்கிற சகாயராணிதான் பிறகு சொன்னது. தைத்த ஜாக்கெட்டுகளைத் திண்டுக்கல்லில் ஊக்கு வைக்கிற ஆளுக்கு அந்த அம்மா பொன்னுத்துரை கையில்தான் கொடுத்து அனுப்பும். "ஒங்க டிரைவரு சம்சாரம் பிள்ளையக் கூட்டிக்கிட்டு இங்க அண்ணன் வீட்டுக்கு வந்துருச்சுல்ல, தெரியாதா? கேஸு கோர்ட்டுல நடக்குதாம். ஒங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. தினமும் மத்தியானம் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள். தன் வெஞ்சனத்தை எடுத்து இவர் சோற்றில் வைக்கிற ஆள். பிரிந்து ஆறு மாசம் கழித்து டெய்லர் கடைக்காரி சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. விசில் குறையோடு இந்தக் குறையும் சேர்ந்துகொண்டது.

அசோக்குமாரைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் கிடையாது. சாணார்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். அப்பன் சம்பங்கியும் தக்காளியும் போடுகிற ஆள். விடியற்காலையில் பூ மூட்டையோடு பஸ்ஸில் ஏறித் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வந்த பையன், பூவைப் பார்க்காமல் டிரைவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரியில் கிளீனர். கேரளாவுக்கு லோடு போய் வந்து மலைப்பாதையில் ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கி, இந்த வண்டிக்கு வந்து சேர்ந்தான். தோளில் போடுகிற துண்டை இஸ்திரி போட்டுத்தான் போடுவான். அவனுக்கு இருக்கிற ஒரே மினுக்கு அது. குறுக்கே நாய் ஓடினால்கூட, அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கண்ணாடியில் பார்ப்பான்.

அவன் சம்சாரம் ஜோதிமணி நூல் மில்லில் வேலை பார்த்தது. திண்டுக்கல்லில் ஒரு ரூமும் அடுப்படியுமாக வாடகை வீடு. இவன் விடியுமுன் முதல் ட்ரிப்புக்குக் கிளம்புவான். அது ஷிப்டு முடிந்து அப்போதுதான் வாசலில் வந்து இறங்கும். சாவியை மாற்றிக்கொள்கிற நேரம்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிற நேரம். அந்தச் செத்த நேரத்திலும் சண்டை.

பொன்னுத்துரைக்குப் புரியாதது இதுதான். அவருக்குத் தெரிந்து புருசன் பெண்டாட்டி பிரிந்தால் ஒருத்தன் குடித்திருப்பான், அல்லது அடித்திருப்பான், அல்லது வேறு ஒரு வீடு வைத்திருப்பான். இவன் டீயில்கூடச் சீனி பாதிதான் போடச் சொல்லுவான். ஜோதிமணியும் நல்ல பிள்ளை. ஒருநாள் வண்டியில் யாரோ விட்டுவிட்டுப் போன குடையை அடுத்தநாள் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டும் நல்லதுகள். அப்புறம் எதற்குப் பிரிந்தது? ஒருநாள் கேட்டே விட்டார்.

"தெரியலண்ணே. வீட்டுக்குள்ள போனாலே ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டுது."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

மூச்சு முட்டினால் சன்னலைத் திறக்க வேண்டியதுதானே என்று நினைத்தார்.

அவர்கள் பிள்ளை தமிழ்மதி. பிரியும்போது ஆறு வயசு. இப்போது ஒன்பது, நாலாம் வகுப்பு. ஜோதிமணி பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டது. மில் வேன் ஐந்தரைக்குத்தான் வந்து இறக்கிவிடும். நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை அதுவரை சகாயராணி கடையில் உட்கார்ந்து, வெட்டித் தள்ளிய துணியில் பொம்மைக்குப் பாவாடை சுற்றிக்கொண்டிருக்கும். சாணார்பட்டியிலிருந்து திரும்புகிற பஸ் ஐந்து மணிக்கு அந்த ஸ்டாப்புக்கு வரும். பிள்ளை எழுந்து பின்படிக்கு ஓடிவரும்.

"பெரியப்பா, அப்பாட்ட வாரேன்னு சொல்லிருங்க."

"சொல்லிர்றேன் தாயி."

அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். அடுத்த ஸ்டாப்பில் பொன்னுத்துரை முன்னால் போய்ச் சொல்லுவார்: "பாப்பா வாரேன்னு சொல்லுச்சுப்பா."

அசோக்குமார், "சரின்னு சொல்லுங்கண்ணே" என்பான்.

மறுநாள் ஐந்து மணிக்கு அதைக் கொண்டுபோய்ப் பிள்ளையிடம் கொடுப்பார். "உங்கப்பன் சரின்னான் தாயி." பிள்ளை முகம் மலரும். மறுபடியும், "அப்பாட்ட வாரேன்னு சொல்லிருங்க." ஜூன் மாசம் தொடங்கினது, டிசம்பர் வரைக்கும் இதே பேச்சு. நம் பக்கத்தில் கிளம்பும்போது போறேன் என்று யார் சொல்லுவார்கள்? வாரேன் என்றுதானே சொல்லுவோம். பிள்ளை மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறது, தகப்பன் சரி என்கிறான், நடுவில் நாம் தபால்காரன் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்றைக்கு ஸ்டாப்பில் நல்ல கூட்டம். கறிவேப்பிலைக் கட்டும் பால் கேனுமாக ஏறினார்கள். எப்போதும்போல விசிலுக்கு முன்னாலேயே வண்டி கிளம்பியது. பொன்னுத்துரை உள்ளே நெருக்கிக்கொண்டு டிக்கெட் கிழித்துவந்தார். மூன்றாவது சீட்டு ஓரத்தில், பள்ளிக்கூடப் பைக்கு மேல் துணிக்கடைப் பையை வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு தமிழ்மதி உட்கார்ந்திருந்தது.

இருபத்தாறு வருசப் பழக்கம், வாய் தானாகக் கேட்டது: "எங்க?"

"அப்பா வீட்டுக்கு."

"அப்படி ஒரு ஸ்டாப்பு இல்ல தாயி." சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது. "நீ எப்படி ஏறுன? அம்மாட்டச் சொன்னியா?"

"அம்மா மில்லுல இருக்கு. லீவு விட்டாச்சு. அப்பாதான் சரின்னாருல்ல."

"எதுக்குச் சரின்னான்?"

"வாரேன்னு சொன்னதுக்கு."

பொன்னுத்துரை ஒரு விசில் அடித்தார். வண்டி நிற்கவில்லை. அந்த ஸ்டாப்பைத் தாண்டினால் கொஞ்ச தூரத்துக்கு அவனுக்குக் காது கேட்காது. இன்னொன்று அடித்தார், பிறகுதான் இரண்டு விசில் என்றால் போகச் சொல்கிற விசிலாயிற்றே என்று நினைவு வந்தது. வண்டி இன்னும் வேகம் எடுத்தது. கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கிற தகரத்தைக் கையால் அறைந்தார்.

"நிறுத்துப்பா. உம்பிள்ள உள்ள இருக்கு."

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. அசோக்குமார் இறங்கினான். நடுவழியில் சீட்டை விட்டு அவன் இறங்கி யாரும் பார்த்ததில்லை. சுற்றி வந்து பின்படி ஏறினான். பிள்ளை முன்னால் வந்து நின்றவனுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. துண்டை எடுத்து மடித்தான்.

"ஏம்மா ஏறுன?"

"நீ வருவேன்னு நின்னு பாத்தேன். நீ இறங்கவே இல்ல. நான் வாரேன் வாரேன்னு தெனமும் சொல்லி விடுறேன். நீயும் சரி சரிங்கிற. அப்புறம் ஏம்ப்பா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிர்ற?"

அசோக்குமார் பொன்னுத்துரையைப் பார்த்தான். பொன்னுத்துரை கையிலிருந்த டிக்கெட் கட்டைப் பார்த்தார்.

"தாயி, நீ போயிட்டு வாரேன்னுதான சொன்ன? சொல்லிக்கிறதுக்கு?"

"நான் எங்க பெரியப்பா போனேன்? நான் ஸ்டாப்புலதான நிக்கிறேன். போறது நீங்க. நிக்கிற ஆளு எதுக்கு வாரேன்னு சொல்லணும்?"

பிள்ளை சொல்வது சரிதானே. போகிறவர்கள்தான் வாரேன் என்பார்கள், நிற்கிறவர்கள் சரி என்பார்கள். ஏழு மாசமாக ஸ்டாப்பில் நிற்கிற பிள்ளை வாரேன் என்று சொல்லியிருக்கிறது; ஒருநாளாவது இது என்ன என்று பொன்னுத்துரை கேட்டாரா? கொண்டுபோய்க் கொடுத்ததெல்லாம் வேறு சேதி.

கூட்டத்தில் ஒருத்தர், "எதிர்ல வர்ற வண்டியில ஏத்தி அனுப்பிருங்க கண்டக்டர், பாத்து இறக்கி விட்டுருவாங்க" என்றார். பொன்னுத்துரைக்கும் அதுதான் தோன்றியது. ஊக்கு வைக்கிற ஜாக்கெட் எத்தனை அப்படிப் போய் வந்திருக்கிறது.

"நான் என்ன பார்சலா?" என்றது பிள்ளை.

அசோக்குமார் பொன்னுத்துரையைக் கீழே ஓரமாகக் கூட்டிப்போனான். பிறகுதான் அவன் விசயத்தையே சொன்னான், அதுவும் காதோடு. கேஸ் முடிகிற வரைக்கும் பிள்ளை பக்கம் போகக் கூடாது, கடத்தப் பார்த்தான் என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் பிள்ளையைப் பார்க்கவே விட மாட்டார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். "கண்ணாடியில அது ஓடியாறது தெரியும்ணே. செத்த நேரம் நின்னா இறங்கிருவேன். அதான் எடுத்துக்கிட்டுப் போயிர்றது. இப்ப அதுவா வந்து வண்டியில உக்காந்திருக்கு. ஜோதி என்ன நினைக்கும்?"

மணி ஐந்து இருபது. இன்னும் பத்து நிமிசத்தில் மில் வேன் வந்துவிடும். பிள்ளை இல்லை என்றால் முதலில் யார் பெயர் வரும் என்று பொன்னுத்துரைக்குத் தெரியும். சகாயராணிக்குப் போன் போட்டார். அந்த அம்மா அப்போதுதான் கடைக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தது. ஜோதிமணி நம்பரை வாங்கிப் பேசினார்.

"யாத்தா, நான் கண்டக்டர் பொன்னுத்துரை. பாப்பா எங்க வண்டியில இருக்கு. பதறாத. அவன் கூட்டிட்டுப் போகல. தப்பு எம்மேல."

"ஒங்க மேல எப்படிண்ணே தப்பு?"

"அது... வாரேன்னு சொல்லுச்சு, நான் வேற வாரேன்னு நெனச்சுட்டேன்."

அவர் சொன்னது அவருக்கே விளங்கவில்லை, அதற்கு எப்படி விளங்கும்? ஜோதிமணி, "போனை அவருகிட்டக் குடுங்க" என்றது.

மூன்று வருசம் கழித்து அவர்கள் பேசிக்கொண்டது வேப்பமரத்தடியில், நாற்பது பேர் சன்னலில் தலையை நீட்டிப் பார்க்க. அசோக்குமார், "ஆமா", "இல்ல", "ஆறு பத்துக்குத் திரும்புற ட்ரிப்புல கொண்டாந்து விடுறேன்" என்றான். அவ்வளவுதான்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பிள்ளைக்கு ஒரு பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்தான். அது துணிக்கடைப் பையைத் திறந்து காட்டியது: இரண்டு கவுன், சீப்பு, பல் விளக்குகிற பிரஷ், காலாண்டு ரேங்க் கார்டு. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து வாங்க வேண்டும் என்றது. டீச்சர் கேட்டார்களா என்றதற்கு, "இல்ல, நான்தான் கேக்கிறேன்" என்றது. அவன் டிக்கெட் சீட்டு எழுதுகிற பேனாவைப் பொன்னுத்துரையிடம் வாங்கி, அம்மா கையெழுத்துக்குக் கீழே கொஞ்சூண்டு இடத்தில் போட்டான்.

திரும்பும்போது பால் சொசைட்டி ஸ்டாப்பில் ஜோதிமணி நின்றது. மில்லிலிருந்து வந்த கோலம், தலையெல்லாம் பஞ்சு. பிள்ளை இறங்கியதும் முதலில் செய்த காரியம், அம்மா முடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தது. தினமும் எடுக்கும் போலிருக்கிறது.

பொன்னுத்துரை இரண்டு விசில் அடித்தார். வண்டி நகரவில்லை. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. அவன் கீழே நின்றான்.

"பாப்பா, அம்மாவும் அப்பாவும் கொஞ்ச நாளைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"கொஞ்ச நாளுன்னு சொல்லாதீங்க" என்றது ஜோதிமணி. "அப்புறம் அது நாள எண்ணும்."

"அப்ப எம்புட்டு நாளைக்கு?" என்று பிள்ளை கேட்டது.

ஜோதிமணிதான் சொன்னது: "இனி ஒரே வீட்டுல இருக்க மாட்டோம் தமிழு. அப்பாவுக்கு ஒரு வீடு, நமக்கு ஒரு வீடு."

"நான் அன்னைக்கிப் பாலக் கொட்டுனேன்ல. அதுக்கா?"

பொன்னுத்துரைக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களுக்குப் புரிந்தது. கடைசியாகச் சண்டை போட்ட காலையில் அடுப்படியில் பால் கொட்டியிருக்கிறது. யார் துடைப்பது என்றுதான் அந்தச் சண்டை தொடங்கியிருக்கிறது. அவர்கள் அதை என்றைக்கோ மறந்துவிட்டார்கள்.

"இல்லம்மா" என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அசோக்குமார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பாலுக்கு இல்ல. உன்னாலயும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் சேந்து இருக்கத் தெரியாம இருந்துட்டோம்" என்றான். அது போதுமான பதிலா என்று பொன்னுத்துரைக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கும் தெரியவில்லை போல.

"அப்ப நான் எந்த வீட்டுல இருந்து கிளம்பும்போது வாரேன்னு சொல்லணும்? எந்த வீட்டுல போறேன்னு சொல்லணும்?"

"போறேன்னு எங்கயுமே சொல்லக் கூடாது" என்று பொன்னுத்துரை படியிலிருந்து அதட்டினார். பழக்கம், சின்ன வயசிலிருந்து அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரியா தப்பா என்று அவருக்கே சந்தேகம் வந்து, விசிலை எடுத்துத் துடைத்தார்.

உள்ளே ஆட்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. பதினொரு நிமிசம் தாமதம். ராத்திரியே முதலாளி போன் போட்டார். அசோக்குமார் என்ன சொன்னான் என்று பொன்னுத்துரைக்குத் தெரியாது.

அடுத்த வாரம் வக்கீலைப் பார்த்து ஜோதிமணியும் இவனும் சேர்ந்தே எழுதிக் கொடுத்தார்களாம், ஞாயிற்றுக்கிழமை பகல் பிள்ளை அப்பாவோடு என்று. டவுன் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அதனால் இவனே போய் முதலாளியிடம் கேட்டு, தாடிக்கொம்பு ரூட்டுக்கு மாற்றிக்கொண்டான். அங்கே மாற்று டிரைவர் உண்டு. இதைப் பொன்னுத்துரையிடம் அவன் சொன்னது கடைசி நாள், கடைசி ட்ரிப்பில், சாணார்பட்டியில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு.

"அதான, எல்லாம் முடிஞ்சப்புறம் எங்கிட்டச் சொல்லு" என்றார் பொன்னுத்துரை. "டெய்லர் கடையில சொல்லியாச்சா? ஊரெல்லாம் சொல்லியாச்சா?"

"இல்லண்ணே. ஒங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன்."

பொன்னுத்துரை அவன் தோளில் இஸ்திரி போட்ட துண்டு கசங்கியிருப்பதைப் பார்த்தார். பாப்பாவிடம் நீயே சொல்ல வேண்டியதுதானே என்றார். சாயங்காலம் ஸ்டாப்பில் அது இல்லை, காய்ச்சல் என்று மாமன் வீட்டில் படுத்திருக்கிறதாம் என்றான்.

"நாளைக்கி அது வந்து நிக்கும்ணே. நான் வண்டியில இருக்க மாட்டேன். விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சுரும். நீங்க விசிலு குடுக்காம செத்த நேரம் இறங்கி நின்னு சொல்லிருங்க. ஞாயித்துக்கெழம காலையில ஒம்பது மணிக்கு அப்பா இதே ஸ்டாப்புக்கு வாரேன், உன்னையக் கூட்டிட்டுப் போவேன், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டாந்து அம்மாட்ட விடுவேன்னு, முழுசாச் சொல்லுங்கண்ணே. வெறும் வாரேன்னு மட்டும் சொல்லிராதீங்க."